உயர்ந்தோர்க்கென்று வேறோர் அறம் உண்டா?

பொய் சொல்லாதே, கொல்லாதே, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்னும் விதிகள் எல்லாம் பொதுமக்களுக்கே. பெரிய நோக்கம் ஒன்றை மேற்கொண்டவர்க்கு அவை பொருந்தா என்னும் வாதம் மிகப் பழமையானது. ஆட்சியில் அமர்ந்தோர் அதனை நாட்டின் பெயரால் சொல்வர். ஆராய்ச்சியாளர் அறிவின் பெயரால் சொல்வர். குடும்பத்திற்காகத்தானே செய்தேன் என்று வீட்டிலுள்ள பெரியவர்களும் சில வேளைகளில் அதே வாதத்தைச் சிறிய அளவில் சொல்லக் கேட்கிறோம். சொல்பவர் தீயவராக இருந்தால் மறுப்பது எளிது. அவர் கற்றவராக, நம் நன்மையையே நாடுபவராகத் தோன்றும்போதுதான் நாம் தடுமாறுகிறோம்.

இந்த வினாவை ஆராய அறநூல்களை நாடுவதே வழக்கம். யான் இங்கே எடுத்துக்கொள்வது சிறுவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கில மாயக்கதை ஒன்றை. விடுமுறைக்கு வந்த என் பேர்த்தியின் பையில் இருந்த நூல் அது. மந்திர மோதிரம், பேசும் விலங்கு, வேற்றுலகப் பயணம் என்றவுடன் நம்மவர்களில் பலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவேன். ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வகுப்பறையில் கதை சொன்னவள் என்ற முறையில் ஒன்று கூறுவேன்: நீதிபோதனை வகுப்பில் கொட்டாவி விடும் பிள்ளை, கதையில் ஒருவன் தவறு செய்யப் போகிறான் என்றால் நிமிர்ந்து உட்காரும்.

நூலை எழுதியவர் சி. எஸ். லூயிஸ். 1898ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பழைய ஆங்கில இலக்கியம் கற்பித்து 1963இல் மறைந்தார். 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஏழு நார்னியா கதைகளை வெளியிட்டார். அவற்றுள் 1955இல் வந்தது 'தி மெஜிஷியன்ஸ் நெவ்யூ'. அச்சேறிய வரிசையில் ஆறாவது. கதை நிகழும் கால வரிசையில் அதுவே முதலாவது. 'மந்திரவாதியின் மருமகன்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

மருமகன் என்னும் சொல்லை ஆய்ந்தே ஆளுகிறேன். ஆங்கிலத்தில் தந்தையின் உடன்பிறந்தாரும் தாயின் உடன்பிறந்தாரும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். இக்கதையில் வரும் ஆண்ட்ரூ, சிறுவன் டிகோரியின் தாயுடன் பிறந்தவர், அதாவது தாய்மாமன். மடியில் அமர்த்திக் காது குத்தும் உரிமை உடையவன், தந்தை அருகில் இல்லாதபோது பிள்ளைக்கு அரணாக நிற்க வேண்டியவன் என்று நம் குடும்பங்களில் தாய்மாமனுக்குத் தனி இடம் உண்டு. அத்தகைய உறவினரே பிள்ளையைச் சோதனைப் பொருளாக்குகிறார் என்று தமிழில் நினைக்கும்போது கதையின் கொடுமை இன்னும் கூர்மையாகத் தைக்கிறது.

ஏறத்தாழ 1900ஆம் ஆண்டு, இலண்டன் நகரம். டிகோரியின் தந்தை இந்தியாவில் பணியில் இருக்கிறார். தாய் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருக்கிறார். பிழைப்பாரா என்பதே ஐயம். ஆகவே நாட்டுப்புறத்து வீட்டை விட்டுத் தாயும் மகனும் மாமன் வீட்டில் வந்து தங்கியுள்ளனர். அடுத்த வீட்டுச் சிறுமி பாலியும் டிகோரியும் கூரைக்கு அடியிலுள்ள வழியாகத் தவழ்ந்து சென்று, தெரியாமல் மாமனுடைய பூட்டிய அறைக்குள் புகுந்துவிடுகின்றனர். மாமன் பாலியிடம் இனிக்கப் பேசி, மஞ்சள் மோதிரம் ஒன்றைப் பரிசாக நீட்டுகிறார். அவள் தொடுகிறாள், மறைந்துபோகிறாள்.

அதன்பின் மாமன் தன் வரலாற்றைப் பெருமையாகச் சொல்கிறார். அவருடைய ஞானத்தாய் இறக்கும் தறுவாயில் அவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, திறவாமல் எரித்துவிடுமாறு வாக்கு வாங்கினார். அவ்வாக்கை அவர் காக்கவில்லை. பெட்டிக்குள் வேற்றுலகத்து மண் இருந்தது. பல ஆண்டுகள் முயன்று அம்மண்ணிலிருந்து மோதிரங்கள் செய்தார். மஞ்சள் மோதிரம் இவ்வுலகிலிருந்து இழுத்துச் செல்லும். பச்சை மோதிரம் திரும்பக் கொணரும் என்பது அவர் கணிப்பு. வாக்குத் தவறியது இழிவல்லவா என்று சிறுவன் கேட்கிறான். சிறுவர்களும் வேலைக்காரர்களும் பொதுமக்களும் வாக்கைக் காப்பது முறைதான், ஆனால் மறைபொருள் அறிந்த அறிஞர்களை அவ்விதி கட்டுப்படுத்தாது, அவர்களுடைய வாழ்வு உயர்ந்ததும் தனிமையானதும் ஆகும் என்பது மாமனின் விடை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துறவியின் களை தோன்றியதாம். ஒரு கணம் சிறுவனும் மயங்குகிறான். மறுகணம், வேண்டியதையெல்லாம் தான் செய்துகொள்ளலாம் என்பதே இப்பேச்சின் பொருள் என்று அவனுக்குத் தெளிகிறது. குழந்தைகளுக்கு இந்தத் தெளிவு விரைவில் வரும். பெரியவர்களாகிய நாம்தான் சொல்லின் அழகில் சிக்கிக்கொள்கிறோம்.

மோதிரங்களை மாமன் முதலில் சோதித்தது கினிப்பன்றிகளின்மீது. பெயரில் பன்றி இருப்பினும் இது எலி அணில் போன்ற கொறிக்கும் இனத்தைச் சேர்ந்த சாதுவான சிறு பிராணி. தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. ஆய்வுக்கூடங்களில் இதனை மிகுதியாகப் பயன்படுத்தியதால் சோதனைக்கு ஆளாகும் மனிதனையும் ஆங்கிலத்தில் இப்பெயராலேயே குறிப்பர். மாமனின் சோதனைகளில் சில வெறுமனே இறந்தன. சில வெடித்துச் சிதறின. டிகோரி தானே ஒரு கினிப்பன்றி வளர்த்தவன். அது கொடுமை என்கிறான். மாமனுக்கு அவன் சொல்வதே விளங்கவில்லை. அவை அதற்காகத்தானே உள்ளன, நானே விலை கொடுத்து வாங்கியவை அல்லவா என்கிறார்.

இந்த விடையில் இரண்டு கூற்றுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் உயிர் எனக்காகவே உள்ளது என்பது ஒன்று. விலை கொடுத்ததால் அது என் உடைமை என்பது மற்றொன்று. முதலாவது தத்துவம்போல் ஒலிக்கும், இரண்டாவது வணிகம்போல் ஒலிக்கும். இரண்டிலும் அவ்வுயிருக்குத் தன் வாழ்வு தனக்கு இனிது என்னும் உண்மைக்கு இடமே இல்லை.

மாமன் தாமே மோதிரத்தை அணிந்து போகவில்லை என்பதும் கருதத்தக்கது. தம் வயதும் உடல்நிலையும் அறிவின் அருமையும் அதற்கு இடந்தரா என்கிறார். விலங்குகள் திரும்பி வந்து செய்தி சொல்ல மாட்டா. ஆகவே பாலியை அனுப்பினார். அவளை மீட்கச் செல்ல மாட்டாயா, கோழையா நீ என்று டிகோரியைத் தூண்டுகிறார். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என வினையை மூவகையாகப் பிரித்து, மூன்றிற்கும் பொறுப்பு உண்டென்று நம் பெரியோர் கற்பித்துள்ளனர். கை அழுக்காகாமல் காரியம் முடிக்கும் மாமன் அந்தப் பாகுபாட்டின் நடுவில் உள்ளவர்.

லூயிஸ் இதனைக் கதைச் சுவைக்காக மட்டும் எழுதினார் என்று சொல்வதற்கில்லை. 1947ஆம் ஆண்டு, உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதிப்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்காவில் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்த எதிர்ப்புச் சங்கம் ஒன்று வெளியிட்டது. அதில் அவர் எழுப்பும் வாதம் உணர்ச்சி சார்ந்ததன்று. மனிதன் வலியவன், தன் இனத்தின் பக்கம் நிற்கிறான் என்பதே விலங்கை அறுப்பதற்குப் போதிய காரணமானால், அறிவு வளராத மனிதரையோ, குற்றவாளியையோ, பகைவரையோ, வேற்றினத்தாரையோ அறுப்பதற்கும் அதே காரணம் போதுமே என்று கேட்கிறார். அந்தப் பாதையின் எல்லையில் அவர் சுட்டுவது டாக்கவ் வதைமுகாமையும் ஹிரோஷிமாவையும். எட்டு ஆண்டுகள் கழித்துச் சிறுவர் கதையில் வரும் கினிப்பன்றிக்குப் பின்னால் இவ்வளவு சிந்தனை நிற்கிறது.

உடனே அவரை நம்முள் ஒருவராக எண்ணிவிட வேண்டா. அவர் புலால் உண்டவரே. 1952இல் வந்த மற்றொரு நார்னியா கதையில், புலால் உண்ணாமை, மது அருந்தாமை, புகைபிடியாமை ஆகியவற்றை மேற்கொண்ட பெற்றோரைப் பற்றிச் சற்று ஏளனமாகவே எழுதியுள்ளார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிறிது வருத்தமும் வந்தது. ஆய்வுக்கூடத்து விலங்குக்காகப் பேசியவர் உணவு மேசைக்கு வந்தவுடன் வேறு கணக்குப் போடுகிறார். ஒரு வாதத்தை அதன் எல்லைவரை நடத்திச் செல்வது எவர்க்கும் கடினம்.

கதைக்கு மீள்வோம். சிறுவர் இருவரும் போய்ச் சேரும் இடம் ஓர் அமைதியான காடு. அங்கே எண்ணற்ற குளங்கள். ஒவ்வொரு குளமும் ஓர் உலகத்திற்கு வாயில். காடு எந்த உலகத்தையும் சேர்ந்ததன்று. பல வீடுகளுக்குப் பொதுவாகக் கூரைக்கடியில் ஓடும் வழியைப் போன்றது அது என்று சிறுவன் ஒப்பிடுகிறான். ஒன்றையொன்று தொடாமல் பல உலகங்கள் இருக்கக்கூடும் என்னும் எண்ணம் அக்காலத்தில் கதாசிரியர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாவல் வந்து இரண்டாண்டுகள் கழித்து, 1957இல், ஹியூ எவரெட் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் அணுத்துகள்களின் கணிதத்திலிருந்தே அத்தகைய ஒரு கருத்தை வெளியிட்டார். இரண்டும் வெவ்வேறு துறை. கதையில் வரும் உலகங்கள் அறத்தின் பொருட்டு வந்தவை: இடம் மாறினால் நன்மை தீமை மாறுமா என்று பார்ப்பதற்கான களங்கள் அவை.

காட்டில் ஓர் ஆபத்து உண்டு. அங்கே பசியில்லை, அச்சமில்லை. தான் யார், எங்கிருந்து வந்தோம் என்பதும் மெல்ல மறந்துபோகும். வேறொரு குளத்தில் குதிக்கச் சிறுவன் ஆயத்தமாகும்போது, நம் உலகத்துக் குளத்திற்கு அடையாளம் வைக்க வேண்டாவா என்று பாலிதான் கேட்கிறாள். இருவர் முகமும் வெளுத்துவிடுகிறது. வீடு திரும்பும் வழியை முதலில் குறித்துக்கொள்ளும் அறிவு அவளிடம் இருந்தது. கதை முழுவதும் பாலியின் இந்த நிதானத்திற்கு ஆசிரியர் இன்னும் சற்று இடம் தந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அவர்கள் புகும் அடுத்த உலகம் சார்ன். செத்துக்கொண்டிருக்கும் சிவந்த சூரியன், ஆளற்ற பேரரண்மனை, மண்டபத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் அரசர் அரசியர் உருவங்கள். தொடக்கத்தில் உள்ளவர் முகங்களில் அருள், போகப் போகக் கடுமை, இறுதியில் கொடுமை. ஒரு நாட்டின் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாக முகங்களிலேயே எழுதிவிட்டார். நடுவில் ஒரு மணியும் சுத்தியலும் உள்ளன. அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணி எண்ணிப் பித்தாவாய் என்று பொருள்படும் வரிகள் அருகில் பொறிக்கப்பட்டுள்ளன. பாலி வேண்டா என்கிறாள். டிகோரி அறிந்தே ஆகவேண்டும் என்கிறான். இப்போது நீ உன் மாமனைப் போலவே இருக்கிறாய் என்கிறாள் அவள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மணியை அடித்துவிடுகிறான். மாமனை வெறுத்த பிள்ளையே மாமனின் சாயலுக்கு வந்துவிட்டான். அறிவு வேட்கை நல்லதுதான். அடுத்தவர் கையை முறுக்கிப் பெறும் அறிவு எத்தகையது என்பதை ஆசிரியப் பணிக்குப் பயிலும் இளைஞர்களுக்கு இந்த ஒரு காட்சியைக் கொண்டே விளக்கலாம்.

மணியோசையில் விழிக்கிறாள் ஜேடிஸ் என்னும் அரசி. அரியணைக்காகத் தன் தமக்கையோடு போரிட்டவள். தோல்வி உறுதியானபோது, உச்சரிப்பவரைத் தவிர உயிருள்ள அனைத்தையும் ஒரே கணத்தில் அழிக்கும் ஒரு சொல்லை அவள் உச்சரித்தாள். போர்க்களத்தில் வென்ற படை மட்டுமா? வீட்டிலிருந்த பெண்கள், குழந்தைகள், விலங்குகள், எல்லாம் போயின. அம்மக்கள் என்ன பிழை செய்தார்கள் என்று டிகோரி கேட்கிறான். அவர்கள் என் மக்கள். என் விருப்பத்தை நிறைவேற்றுவதைத் தவிர வேறெதற்கு இருந்தார்கள் என்கிறாள் அரசி. பொதுமக்களுக்குத் தவறாவது அரசிக்குத் தவறாகாது, அரசர் வாழ்வு உயர்ந்தது, தனிமையானது என்கிறாள். கேட்டதும் சிறுவனுக்கு மாமன் நினைவு வருகிறது. இலண்டன் மாடியறையில் சோளக்கொல்லைப் பொம்மைபோல் நின்று பேசிய மாமனும் வேற்றுலகப் பேரரசியும் பேசுவது ஒரே வாசகம். அவர் கையில் கினிப்பன்றிகள் அகப்பட்டன. அவள் கையில் ஓர் உலகம் அகப்பட்டது. வேறுபாடு கைக்கெட்டிய அளவில்தான்.

நூல் வந்த 1955, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து பத்தாம் ஆண்டு. கதையின் முடிவுப் பகுதியில், உங்கள் இனத்திலும் யாரேனும் அத்தகைய சொல் ஒன்றைக் கண்டறிந்து எல்லா உயிர்களையும் அழிக்கக்கூடும் என்று குழந்தைகள் எச்சரிக்கப்படுகின்றனர். அன்றைய வாசகர்க்கு எதைக் குறிக்கிறது என்று விளங்காமலா இருந்திருக்கும்?

இடையில் நடப்பவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். அரசி குழந்தைகளைப் பற்றிக்கொண்டு இலண்டனுக்கு வந்து தெருவில் பெருங்கலகம் விளைவிக்கிறாள். அவளை அப்புறப்படுத்தும் முயற்சியில், மாமன், ஒரு குதிரைவண்டிக்காரர், அவருடைய குதிரை ஆகியோரும் சேர்ந்து இன்னோர் உலகத்தில் போய் விழுகின்றனர். அது வெறும் இருள். அங்கே அஸ்லான் என்னும் சிங்கம் பாடப் பாட, விண்மீனும் மலையும் புல்லும் விலங்குகளும் தோன்றுகின்றன. உலகத் தோற்றம் பற்றிய இக்காட்சி ஆசிரியருடைய கிறித்தவ நம்பிக்கையில் ஊன்றியது. நம் கொள்கை வேறு. அதை விவாதிக்கும் இடம் இதுவன்று. அந்தப் பாட்டு மாமனின் காதில் வெறும் கர்ச்சனையாகவே விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. சிங்கம் பாடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, கேட்க விரும்பாமல் இருந்து இருந்து, பின்னர்க் கேட்க இயலாமலே போய்விடுகிறது. அங்கே நட்ட இரும்பும் வளர்வதைக் கண்டவுடன் அவருக்குத் தோன்றுவது, சிங்கத்தைச் சுட்டுவிட்டு இங்கே தொழில் தொடங்கலாம் என்பது.

இப்போது கதையின் உயிர்நிலைக்கு வருகிறோம். டிகோரி கொண்டுவந்த அரசியால் புதிய உலகத்தில் பிறந்த நாளன்றே தீமை புகுந்துவிட்டது. அதற்கு அரணாக ஒரு மரம் நடப்பட வேண்டும். தொலைவிலுள்ள மலைத்தோட்டத்திலிருந்து அதற்கான கனியை அவன் கொண்டுவர வேண்டும். என் தாயைக் குணப்படுத்துவதாகச் சொன்னால் செய்கிறேன் என்று பேரம் பேச ஒரு கணம் நினைக்கிறான். பேரம் பேசத்தக்க இடம் அதுவன்று என்று அறிந்து, செய்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு அழுகை பொங்கத் தாயைப் பற்றிச் சொல்கிறான். நிமிர்ந்து பார்த்தால் சிங்கத்தின் கண்களிலும் நீர். உறுதிமொழி மட்டும் இல்லை.

தோட்டத்தில் கனி கையில் வந்துவிட்டது. அரசி அங்கே நிற்கிறாள். வேலியேறி வந்து கனியைத் தின்றுவிட்டவள். இந்தக் கனி உன் தாயைப் பிழைப்பிக்கும். மோதிரம் உன் பையில் இருக்கிறது. ஒரு நொடியில் அவள் படுக்கையருகே இருப்பாய். அந்தச் சிங்கம் உனக்கு என்ன செய்தது. கையில் மருந்து இருந்தும் தரவில்லை என்று அறிந்தால் உன் தாய் என்ன நினைப்பாள் என்று கேட்கிறாள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. அதுதான் இந்தச் சோதனையின் கடுமை. மாமனுக்கு வாக்கைத் தவறச் செய்தது செருக்கு. இவனை இழுப்பது அன்பு. அறத்தை மீறுவதற்கு அன்பைவிட வலிய காரணம் மனித வாழ்வில் ஏது?

வாக்குத் தவறுவதையும் திருடுவதையும் என் தாயே விரும்பமாட்டாள் என்கிறான் சிறுவன். அவளிடம் சொல்ல வேண்டாவே, அந்தப் பெண்ணையும் இங்கேயே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறாள் அரசி. பாலியை விட்டுவிடலாம் என்ற அந்த ஒரு சொல்லில் அதுவரை சொன்ன அத்தனையும் சாயம் வெளுத்துவிடுகிறது. தாயின்மேல் உனக்கு ஏன் திடீரென்று இவ்வளவு பரிவு என்று கேட்கத் தோன்றுகிறது அவனுக்கு. கனியை எடுத்துச் சென்று சிங்கத்திடம் ஒப்படைக்கிறான். மரம் நடப்படுகிறது. திருடிச் சென்றிருந்தால் தாய் பிழைத்திருப்பாள், ஆனால் அன்றே அவள் இறந்திருக்கலாம் என்று இருவரும் எண்ணும் நாள் வந்திருக்கும் என்று சிங்கம் கூறி, புதிய மரத்திலிருந்தே ஒரு கனியை அவனுக்கு அளிக்கிறது. தாய் பிழைக்கிறாள்.

இந்த முடிவைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு மனக்குறையும் ஏற்பட்டது. வாக்கைக் காத்தான், ஆகவே தாய் பிழைத்தாள் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்களே! நல்லது செய்தால் நல்லது கிடைக்கும் என்னும் பாடத்தை நாமும் வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் கனி கிடைக்காமலே போயிருந்தால்? அவன் வெறுங்கையோடு திரும்பி, அந்த அறையின் கதவைத் திறந்திருந்தால்? அப்போதும் அவன் செய்தது சரிதானா? சரிதான் என்பதே என் துணிபு. ஒப்படைத்த கணத்தில் அவனுக்குக் கனி கிடைக்கும் என்பது தெரியாது. தாய் இறந்துவிடுவாள் என்றே அவன் நம்பினான். அந்த நம்பிக்கையோடுதான் கையை நீட்டினான். கதையில் அறம் அங்கே முடிந்துவிடுகிறது; பின்னால் வருவது ஆறுதல்.

அந்த ஆறுதல் ஆசிரியருக்கே தேவைப்பட்டிருக்கலாம். லூயிஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1908ஆம் ஆண்டு ஆகஸ்டில், அவருடைய தாயார் ஃப்ளோரா புற்றுநோயால் இறந்தார். பிழைக்க வேண்டுமென்று சிறுவன் வேண்டிக்கொண்டதும் அது பலிக்காமல் போனதும் அவருடைய தன்வரலாற்றில் உள்ளன. அந்தத் தன்வரலாற்று நூலும் இந்த நாவலும் 1955ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. ஒன்றில் தாய் இறக்கிறாள், மற்றொன்றில் பிழைக்கிறாள். நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஒரு மகன் தன் கதையில் மட்டும் அந்தக் கனியைக் கொடுத்துக்கொள்கிறான் என்றால், இலக்கிய நியாயம் பேசி அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நாவல் தொடாமல் விட்ட வினா ஒன்று உண்டு. ஒரே வீட்டில், ஓர் அறையில் நோயாளித் தாய், மாடியில் கினிப்பன்றிகள். மாமன் தன் புகழுக்காக அவற்றைக் கொன்றார். தன் தங்கையின் மருந்துக்காகக் கொன்றிருந்தால்? கதை இவ்விரண்டையும் சந்திக்க விடவில்லை. நம் வாழ்வில் அவை சந்தித்துவிட்டன.

1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் ஃபிரெட்ரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் என்னும் இருவர் நாய்களின் கணையத்தை அகற்றி, அவற்றுக்கு நீரிழிவு வரச்செய்து, பிற நாய்களின் கணையச் சாற்றைச் செலுத்தி ஆராய்ந்தனர். பல நாய்கள் மாண்டன. அந்த வழியில் 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. பின்னர் அறுபதாண்டுக் காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அம்மருந்து எடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய இன்சுலினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1982இல்தான்.

என் தாயாருக்கு இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னது அதற்கு முந்தைய காலம். "இது எதிலிருந்து எடுக்கிறது டாக்டர்?" என்று அம்மா கேட்டார். அவர் மறைக்காமல் சொன்னார். அம்மா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் போட்டுக்கொள்ள இசைந்தார். சிறியவர்களாக இருந்த என் தம்பிமாரை நினைத்திருப்பார். அன்று முதல் பட்டு உடுத்துவதை விட்டுவிட்டார். கலியாண வீடுகளுக்கும் நூற்சேலையோடுதான் வருவார். அதற்கும் இதற்கும் நேராகிவிடுமா அம்மா என்று ஒருமுறை கேட்டேன். "நேராகாது. ஆனா எடுத்துக்கிட்டது தெரியாத மாதிரி இருக்கக் கூடாதில்லையா?" என்றார்.

மாமன் ஆண்ட்ரூவுக்கும் என் தாயாருக்கும் இடையிலுள்ள தொலைவை நான் அந்த விடையில்தான் அளக்கிறேன். தேவை மிகப் பெரிதாக இருக்கலாம். வேறு வழியே இல்லாமலும் இருக்கலாம். அதனால் இறந்த உயிரின் இழப்பு இழப்பன்று என்று ஆகிவிடாது. கணக்கில் அது நிற்கும். நிற்கிறது என்று ஏற்பவர் வேறு வழி தேடுவார். அவை அதற்காகத்தானே உள்ளன என்பவருக்குத் தேட வேண்டிய தேவையே எழாது. இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு அறிவியலாளர் 1959ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினர். விலங்குக்குப் பதிலாக வேறு முறை உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க இயலுமா, துன்பத்தைத் தணிக்க இயலுமா என்று ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் கேட்க வேண்டும் என்றனர். இன்று பல நாட்டு விதிகளுக்கு அதுவே அடிப்படை. நம் நாட்டில் 2014இல் அழகுப் பொருள்களுக்காக விலங்குகளைச் சோதிப்பது தடை செய்யப்பட்டது. 2023இல் புதிய மருந்துகளை விலங்கின்றிச் சோதிக்கும் முறைகளுக்கும் விதிகளில் இடம் அளிக்கப்பட்டது. இவை தாமே வந்தவை அல்ல. உறுத்தல் உடையவர்கள் கேட்டுக் கேட்டு வந்தவை.

உறுத்தல் மட்டும் இருந்து என்ன பயன், உயிர் போனது போனதுதானே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இறந்த நாய்க்கு என் தாயாரின் நூற்சேலையால் ஒன்றும் இல்லை. அடுத்த நாய்க்கு இருக்கலாம் என்பதற்குமேல் என்னிடம் விடை இல்லை.

மாமன் ஆண்ட்ரூ என்ன ஆனார் என்று பேர்த்தி கேட்டாள். முதுமையில் டிகோரியின் குடும்பத்தாரோடு நாட்டுப்புற வீட்டில் தங்கினார். மந்திரத்தை மீண்டும் தொடவில்லை. ஆனால் விருந்தினரைத் தனியே அழைத்துச் சென்று, ஓர் அரசியை அறிவேன், என்ன அழகு, என்ன மிடுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திருந்தினார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. சற்று நல்லவரானார், தன்னலம் சற்றுக் குறைந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்.

மாமன் அனுப்பியவற்றுள் ஒரு கினிப்பன்றி மட்டும் வெடிக்காமல் அந்தக் காட்டைச் சென்றடைந்திருந்தது. குழந்தைகள் அதைக் காண்கின்றனர். முதுகில் நாடாவால் கட்டிய மஞ்சள் மோதிரத்தோடு புல்லை முகர்ந்துகொண்டு இருக்கிறது. தம் உலகம் எது என்று அவர்களுக்கு நினைவு வருவதே அந்த மோதிரத்தைக் கண்டுதான். உடன் எடுத்துச் செல்லலாமா என்னும் பேச்சு எழுகிறது. வேண்டா, திரும்பக் கொண்டுபோனால் மாமன் இன்னும் ஏதேனும் கொடுமை செய்வார், இங்கே இது நலமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டு நடக்கிறார்கள். அதன் பிறகு கதையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.